பதிமூன்று மைலும் பதினோரு நாளும்

துறைமுகத்தில் இரும்புத் தாது ஏற்றுகிறவர்களின் வீட்டுப் பெண்களுக்குச் சிவப்பைக் கண்டால் பயம் கிடையாது. சட்டை சிவப்பு, தலையணை உறை சிவப்பு, அவர்கள் துப்புகிற எச்சிலும் சிவப்பு. ராயபுரத்தில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான் துப்பினார்கள். வேலை முடிந்ததும் ஒரு கட்டி வெல்லம் தின்றால் தொண்டையில் ஒட்டிய மண் இறங்கிவிடும் என்பது அங்கே எல்லாரும் நம்பிய வைத்தியம். என் வீட்டுக்காரர் லாசர் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிற வேலையில் இருந்தார். பாரம் தூக்குவதில்லை என்றாலும் அவர் நெஞ்சுக்குள் போனதும் அதே மண்தான்.

அந்தத் துணிகளை வாளியில் ஊறப்போட்டால் கொஞ்ச நேரத்தில் மண் அடியில் தங்கிவிடும், மேலே தண்ணீர் தெளிந்துவிடும். எழுபத்திரண்டாம் வருடம் டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, அவருடைய கைக்குட்டையை ஊறவைத்துவிட்டு அரைமணி கழித்துப் போய்ப் பார்த்தேன். அடியில் ஒன்றும் தங்கவில்லை. தண்ணீர் முழுக்க ஒரே நிறமாக, வெளிறிய சிவப்பாக இருந்தது.

மீன் அறுத்து விற்றவளின் மகள் நான். ரத்தம் எது, மண் எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு மருந்து மாத்திரை பற்றி டாக்டர் சொல்வார். நான் ஏன் வாய் திறக்கவில்லை என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய டிசம்பர் போரில் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த மூன்று பையன்கள் செத்தார்கள். ஒருவன் என் தம்பி சூசை. தந்தி வந்தது, பிறகு ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. உடல் வரவில்லை. உடல் இல்லாத சாவுக்குக் கோயிலில் வெறும் சவப்பெட்டியை வைத்துக் கறுப்புத் துணி போர்த்திப் பூசை வைப்பார்கள். அந்த வெறும் பெட்டியை என்னால் பார்க்க முடியவில்லை. பாதிப் பூசையில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பட்டாளத்தில் சேருவதற்கு முன்னால் அந்த மூவரும் தினமும் விடியலில் கோயில் வாசலிலிருந்து எண்ணூர் வரை ஓடிப்போய்த் திரும்புவார்கள். போக வரப் பதிமூன்று மைல். அவர்களை ஓடப் பழக்கியவர் லாசர். ஆள் எடுக்கும் இடத்துக்கு அழைத்துப் போனவரும் அவரே. முதலாம் வருட நினைவு நாளில் அதே பதிமூன்று மைலை ஓடுவது என்று தெருப் பிள்ளைகள் முடிவு செய்தபோது, நான் முன்னால் வருகிறேன் என்றார் லாசர். சூசைக்குக் கிடைக்காத சவ ஊர்வலம் அதுதான் என்று என் மனது பிடித்துக்கொண்டது. அவருடைய பனியனில் தம்பி பெயரைச் சிவப்பு நூலால் தைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் கைக்குட்டை.

ஓட்டத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்றால் சரியாக இருக்கும். அவர் இரவில் மல்லாந்து படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். வாயு என்றார். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மாடிப்படியில் பாதியில் நின்று சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் நடித்தார். நான் நம்புவதுபோல் நடித்தேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று.

ஓட்டத்தன்று பூசை முடிந்து பதினான்கு பேர் புறப்பட்டார்கள். தெருமுனையில் ஐஸ் வியாபாரம் செய்யும் காதர் பாய் தன் டெம்போவில் தண்ணீர்ப் பானைகளை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார். நான் பானைகளோடு உட்கார்ந்திருந்தேன். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் ஆலைச் சுவர்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் நான் எதையும் பார்க்கவில்லை. தம்பி பெயர் தைத்த அந்த முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டு போனேன். தண்டையார்ப்பேட்டையில் அவர் முதல் ஆள். சுங்கச்சாவடியில் ஐந்தாவது. திருவொற்றியூர் தேரடி தாண்டியபோது அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

அங்கே ஒரு மில் சுவரில் கையை ஊன்றி நின்றார். உதடு நீலமாக இருந்தது. துப்பினார். நுரை நுரையாக வந்தது, ரோஜா நிறத்தில்.

"ஒண்ணுமில்ல பாய், மண்ணுதான்" என்றார், மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாக.

பாயும் குனிந்து பார்த்துவிட்டு, "டாக்கு மண்ணுதாம்மா. கொஞ்சம் வெல்லம் குடு, சரியாப் பூடும்" என்றார்.

"மண்ணு இல்ல பாய், ரத்தம்" என்றேன். "எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சிகினேதான் ஓட வுட்டேன்."

பாய் பானைகளை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு அவரைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தார். படுக்கவைத்தால் அவருக்கு மூச்சே போய்விடும்போல் இருந்தது. ராயபுரம் திரும்பும் வழியெல்லாம் அவர் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எண்ணூரைத் தொட்டுவிட்டுத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நுரையீரலில் கோத்துக்கொண்ட நீரை இறக்க ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டதும் டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சின்ன வயசுல முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?"

வந்ததாம், ஒன்பது வயதில். எண்ணெய் தடவியே சரியாக்கிவிட்டார்களாம். அது ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைப் புண்ணில் தொடங்கி மூட்டுக்குப் போய், கடைசியில் இதயத்தைக் கெடுக்கும் காய்ச்சல்) என்றார் டாக்டர். இப்போது வந்திருப்பது மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் வால்வு ஒட்டிக்கொண்டு வழி குறுகிப்போவது).

"எத்தனை நாளா ரத்தம் வருது?"

"பதினோரு நாளா" என்றேன் நான்.

லாசர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நாலு மாசமா சார். டாக்குல கொயாயாண்டயே கர்ச்சீப்ப கய்விட்டுத்தான் வூட்டுக்குப் போவேன். அன்னிக்கி மறந்துட்டேன்." நான் வாளியில் ஊறப்போட்டது, அவர் துறைமுகக் குழாயடியில் கழுவ மறந்த கைக்குட்டையை.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த இதயத்தை வெச்சுக்கிட்டு பஸ் பிடிக்கவே ஓடக்கூடாதும்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

அவர் போனபின் கேட்டேன். "ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"நீ பேரு தெச்சிகினு இருந்தே. எப்டி சொல்றது?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்துப்போனவனுக்காக உயிரோடிருக்கிற இருவர் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருந்தோம். சூசை உயிரோடு வந்திருந்தால் இரண்டு பேரையும் அறைந்திருப்பான்.

இரண்டு மாதம் கழித்து அறுவை நடந்தது. விலாவைத் திறந்து, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே அதற்குள் விரலை விட்டு, ஒட்டிய வால்வைப் பிரிப்பார்களாம். கையெழுத்துக் கேட்டார்கள். என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன், திரும்ப எழுதச் சொன்னார்கள். நான்கு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் எதுவும் முழுதாக ஞாபகம் வரவில்லை.

பிழைத்தார். இடது மார்புக்குக் கீழிருந்து முதுகு வரை தையல் தழும்பு. துறைமுகத்தில் மண்பக்கம் போகாத வேலை கேட்டு வாங்கினோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, வருடக்கணக்காக. இப்போது எங்கள் வீட்டில் மாதம் என்பதே இல்லை. கல்யாணம், திருநாள், வாடகை எல்லாம் இந்த ஊசிக்கு அப்புறமா, அடுத்த ஊசிக்கு முன்னாலா என்றுதான் பேசிக்கொள்கிறோம்.

வால்வு மறுபடி ஒட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "ஒட்டலாம்" என்றார். எப்போது என்று கேட்டேன். மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடினார். நானும் எழுந்துவிட்டேன்.

உங்கள் வீட்டு வாளியிலும் ஒருநாள் தண்ணீர் தெளியாமல் இருந்தால், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். சொன்னால் யாருக்காகச் செய்ய நினைத்த காரியம் நின்றுபோகுமோ, அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் சொல்லாததால் என்ன நின்றுபோக இருந்தது என்பதை வராந்தாவில் அந்த நான்கு மணி நேரத்தில்தான் புரிந்துகொண்டேன்.

போன டிசம்பரில் மறுபடி ஓட்டம் வைத்தார்கள். பிள்ளைகள் கோயில் வாசலிலிருந்து கிளம்பியதும் அவர் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "வா, கடலாண்ட போலாம்" என்றார். பக்கத்தில்தான் கடல். நாங்கள் மெதுவாக நடந்தோம். அவர் ஒரு விளக்குக் கம்பத்தில் சாய்ந்து மூச்சு வாங்கினார். அடுத்த கம்பத்தில் அவர் நிற்பதற்கு முன்பே நான் நின்றுவிட்டேன்.

"ஒனக்கு இன்னாடி? நீ ஏன் நிக்கிற?"

"தெர்ல" என்றேன். உண்மையாகவே எனக்கு மூச்சு வாங்கியது.

மணலில் உட்கார்ந்தோம். நான் அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் எழுந்து, நின்று நின்று நடந்து, கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் எண்ணூர் வரை போய்த் திரும்பியிருந்தார்கள்.