அமாவாசை ராத்திரிச் சாதம்

கரமனையில் நான் சாப்பிட்ட வீட்டில் மிச்சம் மீதி என்ற பேச்சே கிடையாது. ஒரு மாமாவும் மாமியும் நடத்திய சின்ன மெஸ். மாமி சமைப்பாள், மாமா இலை போட்டுப் பரிமாறுவார். ஒன்பது பேர் சாப்பிட்டோம், எல்லோரும் ஆபீஸ்காரர்கள். காலைச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும், ராத்திரிக்கு உண்டா இல்லையா என்று அடுக்களை வாசலில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அத்தனை பேருக்குத்தான் மாமி அரிசி களைவாள். காலை ரசத்தை ராத்திரி சுடவைத்து ஊற்றுவது அவளுக்குத் திருட்டுக்குச் சமம்.

திருநெல்வேலியிலிருந்து இந்த மலையாள ஊருக்குக் குமாஸ்தா வேலைக்கு வந்த புதிதில் தம்பானூர் ஹோட்டல்களில் சாப்பிட்டு வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டவன் நான். மாமியின் கீரை மசியலும் எரிசேரியும் மிளகு ரசமும், குடிக்க வெதுவெதுப்பான சீரக வெள்ளமும் ஒரே மாதத்தில் என்னை மனிதனாக்கின. இலையைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே காட்ட வெட்கமாகக்கூட இருக்கும்.

அமாவாசை வந்தால்தான் சங்கடம். தகப்பனார் இல்லாதவர்கள் அன்று தர்ப்பணம் செய்வார்கள். ராத்திரி சோறு சாப்பிட மாட்டார்கள், பலகாரம்தான். அதனால் அன்று காலை மாமி ஒவ்வொருவரிடமும், "ராத்திரிக்கு சாதமா, பலகாரமா?" என்று கேட்பாள். அவளைப் பொறுத்தவரை அது அடுப்படிக் கேள்வி. என் காதில், உன் அப்பா இருக்கிறாரா இல்லையா என்று விழும்.

எனக்கே தெரியாது. அப்பா ரங்கூனில் ஒரு கடையில் வேலை பார்த்தார். யுத்தத்தில் அங்கே குண்டு விழுந்த பிறகு அவரிடமிருந்து ஒரு வரி வரவில்லை. காட்டு வழியே நடந்து வந்தவர்கள் எத்தனையோ பேர் ஊர் சேர்ந்தார்கள். அவர் சேரவில்லை. செத்ததைப் பார்த்தேன் என்று சொல்லவும் ஓர் ஆள் இல்லை. ஊரில் அம்மா தினமும் குங்குமம் இட்டுக்கொண்டிருந்தாள். நான் "சாதம்" என்றே சொல்லிவந்தேன்.

ஓர் அமாவாசையன்று காலையில் மாமி என்னை மட்டும் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ராத்திரி என் இலையில் சாதத்துக்குப் பதில் அரிசி உப்புமா விழுந்தது.

நடந்தது இவ்வளவுதான். கூடச் சாப்பிடும் நாகர்கோவில்காரர் ஒருவரிடம் அப்பாவைப் பற்றி நான் சொல்லியிருந்தேன். அவர் இரக்கப்பட்டு மாமியிடம் சொல்லியிருக்கிறார். கேட்டால் எனக்கு மனசு நோகுமே என்று, கேட்காமலே என்னைப் பலகாரக்காரர்களோடு சேர்த்துவிட்டாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குப் பட்டது, இந்த வீட்டில் என் அப்பாவைக் கொன்றுவிட்டார்கள் என்பதுதான்.

"எங்கப்பா செத்துட்டார்னு ஒங்களுக்கு யார் மாமி சொன்னா?" என்று கத்தினேன். இலையை விட்டு எழுந்து போய்விட்டேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மூன்று நாள் மறுபடியும் தம்பானூர் ஹோட்டல். நாலாம் நாள் வயிறு என்னைக் கரமனைக்கு இழுத்துக்கொண்டு வந்தது. ரோஷம் கடைசிவரை வரமாட்டேன் என்றுதான் சொன்னது.

மாமா ஒன்றுமே நடக்காத மாதிரி இலை போட்டார். மாமி கரண்டியோடு அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள்.

"தப்பு என்னோடதாக்கும், அம்பி. கேக்காம பண்ணிட்டேன். இனி நீயா வந்து சொல்றவரைக்கும் ஒனக்கு சாதந்தான். ஆரு என்ன பறஞ்சாலும் சரி."

"நானும் அப்படி எழுந்து போயிருக்கப்படாது, மாமி."

"மொதல்ல சாப்டு. மொகம் வாடிக் கெடக்கு."

வருஷங்கள் போயின. மெஸ்ஸில் ஒவ்வொருவராகத் தகப்பனாரை இழந்தார்கள், அல்லது மாற்றலாகிப் போனார்கள். ஒரு கட்டத்தில் அமாவாசை ராத்திரி சோறு சாப்பிட நான் ஒருவன்தான். அந்த ஒருவனுக்காக மாமி சின்ன வெண்கலப் பானையில் தனியாக உலை வைப்பாள், தனியாக ஒரு ரசம் வைப்பாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வேறொரு வார்த்தை கேட்டதுமில்லை.

காணாமல் போனவருக்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருப்பது எங்கள் வழக்கம். அதுவும் முடிந்தது. ஊரில் சாஸ்திரிகள் தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து கொடுத்தார். அதற்குக் கொள்ளி வைத்தேன். அம்மாவின் நெற்றியைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. புல்லைப் பார்த்து எப்படி அழுவது?

திரும்பி வந்த சில நாளில் அமாவாசை. காலையில் ஒன்றும் சொல்லாமல் நழுவிவிட்டேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தபோது, மாமி முற்றத்தில் ஓர் ஆளுக்கான அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். என் மொட்டைத் தலையை அவள் நாலைந்து நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஊருக்கு எதற்குப் போனேன் என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் நான் இன்னும் சொல்லவில்லையே.

"மாமி, எனக்குப் பலகாரம்" என்றேன்.

அப்பா இல்லை என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, ஒன்பது பேர் வந்துபோகிற வழி என்றும் பாராமல், குழந்தை மாதிரி அழுதேன்.