டெல்லிக் கையெழுத்தும் அம்பத்தூர் மெஷினும்

காலை 8.40. பூந்தமல்லியில் ஆட்டோ ஏறினோம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பதிமூன்று கிலோமீட்டர். பேரம் பேசி முந்நூற்றைம்பது ரூபாய். உடன் வந்தவர் நண்பர் ஜப்பார் பாய். பேட்டையில் எட்டுப் பேரை வைத்துக் குடிநீர்க் குழாய்களுக்கு வால்வு கடைபவர். மாநில அரசின் டெண்டரில் உள்ளூர்ச் சிறு பட்டறைகளுக்கு முன்னுரிமை உண்டு. அவர் பிழைப்பே அதில்தான். டெல்லி பேசிவரும் வர்த்தக ஒப்பந்தம் அந்த டெண்டரை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கும் திறந்துவிடும் என்று பேச்சு. இந்த நேரம் பார்த்து, அவர் கோயம்புத்தூரில் வாங்கிய பழைய லேத் மெஷின் லாரியில் வந்துகொண்டிருந்தது. இறக்கிவிட்டால் திருப்பி அனுப்ப முடியாது.

திருவேற்காடு தாண்டியதும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

“இன்னா பாய், மொகமே செரியில்ல?”

“டெல்லியில கையெய்த்து போடப் போறாங்கோ நைனா. அப்பால என் வால்வ அரசாங்கம் வாங்குமான்னு தெரில.”

“வால்வ கடைல வித்துக்க வேண்டிதுதான?”

“அரசாங்க அளவுக்குக் கடஞ்சத கடக்காரன் தொடமாட்டான்.”

அயனம்பாக்கம் ஏரியை நான் பார்த்தேன். பாய் போனையே பார்த்துக்கொண்டு வந்தார்.

10.15. பேட்டையிலேயே இருக்கும் மாநிலத் தொழில்துறை அலுவலகம். பாய் ஏற்கெனவே டெல்லிக்கு மனு போட்டிருந்தார். ‘டெண்டர் மாநில விவகாரம், அங்கே கேட்கவும்’ என்று பதில் வந்திருந்தது. அதிகாரி அம்மா அதை இரண்டு முறை படித்தார்.

“ஒப்பந்தம் போடறது அவங்க. நம்ம டெண்டரும் அதுல வருமான்னு நாங்களே எழுதிக் கேட்டிருக்கோம் பாய். பதில் வரல.”

“அப்ப மெஷின எறக்கலாமா மேடம்?”

“தெரிஞ்சா சொல்லமாட்டேனா?”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

11.50. பட்டறை வாசலில் லாரியும் கிரேனும் நின்றன. எட்டுப் பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

“எறக்கவா, வாணாமா?” என்றார் லாரிக்காரர்.

பாய் அந்த எட்டு முகங்களையும் பார்த்தார். “எறக்கு.”

மெஷின் இறங்கும்போது எனக்கு எங்கள் காட்டுப்பாக்கம் வீடு ஞாபகம் வந்தது. அங்கே எல்லாவற்றிலும் அண்ணன்தான் கையெழுத்துப் போடுவார்; பிடிக்காவிட்டால் சாப்பிடும்போது மல்லுக்கு நிற்போம். இங்கே மாநிலத்துக்கே பதில் இல்லையென்றால் பாய் யாரிடம் போய் நிற்பார்? பயமாகத்தான் இருந்தது.

12.40. நான் கிளம்பினேன். ஆட்கள் மெஷின்மேல் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்க்கப் போனார்கள்.

“வுடு, அவுக்காத,” என்றார் பாய். “டெல்லி பதில் வர்ற வரிக்கும் அப்டியே கெடக்கட்டும்.”