தோணிச் சில்லும் நெல் உமியும்

கோழிக்கூண்டில் விரிப்பதற்கு எதைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்ப்பேன். விரலை விரித்ததும் பொலபொலவென்று உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது, வேண்டாம். அதன்பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் கொஞ்சம் நாக்கிலும் வைத்துப் பார்ப்பேன். என் பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கை. கோழிக்கு முன்னால் அம்மா ருசி பார்க்கிறாள் என்று கேலி செய்வார்கள். முதன்முதலில் நான் அப்படி நாக்கில் வைத்தது ஒரு மரச்சில்லு. எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் கடலை ஒட்டிய ஒரு தெருவில், மைனி வளர்த்த சேவல்களின் கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். சில்லு உப்புக் கரித்தது. அந்த உப்பு இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

மைனி என் அண்ணனின் மனைவி. அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். எனக்கு முத்தையாபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர் வேலை. அண்ணன் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பாய்மரத் தோணியில் வேலை பார்த்தார். அந்த வருஷம் ஐப்பசியில், வானம் சரியில்லாத நேரத்தில் தோணி புறப்பட்டது. அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மைனி அந்தோணியாருக்கு மூன்று சேவல்களை நேர்ந்துகொண்டாள். அண்ணன் நல்லபடியாகக் கரை வந்தால் அவற்றைச் சமைத்துத் தெருவுக்கே அசன விருந்து போடுவதாக நேர்ச்சை. எங்கள் பக்கத்தில் அப்படி நேர்ந்த சேவலுக்குக் கால்விரல் நகத்தைக் கொஞ்சம் நறுக்கி அடையாளம் வைப்பார்கள். அதன்பிறகு அது நம்முடையது அல்ல. விற்கக் கூடாது, விருந்தாளி வந்தாலும் அடிக்கக் கூடாது. அது தானாகச் செத்துப்போனால் என்ன அர்த்தம் என்று மட்டும் யாரும் சொல்லிவைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பயந்தது அந்தச் சொல்லாத விஷயத்துக்குத்தான்.

எங்கள் கொல்லைப்புறம் உவர்மண். கால் பெருவிரலால் கீறினாலே ஈரம் கசியும். கீழே எதையாவது விரிக்காமல் அங்கே கோழி வளர்க்க முடியாது. மைனி முதலில் கடற்கரை மணலை அள்ளிவந்து போட்டாள். எச்சத்தோடு சேர்ந்து அது பாறையாக இறுகியது. பனையோலையைப் பரப்பினாள், ஓலைக்கடியில் பூஞ்சைதான் வளர்ந்தது. அப்போதுதான் அவளுக்குத் தோணிச் சில்லு ஞாபகம் வந்தது. தோணி புறப்படுவதற்கு முன்னால் அதைக் கரையேற்றி, இற்றுப்போன பலகைகளை மாற்றியிருந்தார்கள். தோணித் தச்சர்களான ஓடாவிகள் வாச்சியால் செதுக்கித் தள்ளிய சில்லுகளையும், பச்சைச் சாயம் ஒட்டிய துண்டுகளையும் மைனி மூன்று சாக்கில் கட்டிவைத்திருந்தாள், அடுப்புக்கு ஆகும் என்று. அடுப்பில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கூண்டில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினாள்.

"ஏளா, அவுக கால்பட்ட பலகை இது. சேவலுக்கு ஒண்ணும் வராது" என்றாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பின்னால் வந்ததற்கெல்லாம் நான் அவளை மட்டும் குறைசொல்ல முடியாது.

மழை பிடித்துக்கொண்டது. அண்ணனிடமிருந்து கடிதம் இல்லை, மற்ற தோணிக்காரர்கள் மூலமாகவும் சேதி இல்லை. கூண்டுக்குள் குனிந்தால் எச்சத்தின் நெடியில் கண் எரிந்தது. முதலில் சிறிய சேவல் கழுத்தை நீட்டி நீட்டி மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மைனி அதை மடியில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் இருந்தாள். அது விறைத்துப் போயிருந்தது.

"மூணுல ஒண்ணு போயிட்டு" என்றாள்.

கணக்கு டீச்சராக இருப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்று அன்றுதான் தெரிந்தது. தோணியில் ஒன்பது பேர். மூன்றில் ஒன்று என்றால் ஒன்பதில் எத்தனை என்று மனது தானாகவே போட்டுப் பார்த்தது. சீ என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டியும் நிற்கவில்லை. அடுத்த வாரம் இரண்டாவது சேவலும் கால் தரையில் படாமல் தூக்கித் தூக்கி வைக்க ஆரம்பித்தது. பாதத்தில் புண்.

எங்கள் பள்ளியின் தமிழ் டீச்சர் தாமிரபரணிக் கரை ஊர்க்காரி, வயலும் கோழியுமாக வளர்ந்தவள். அவளிடம் சொன்னேன். நோய், மருந்து என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தால் அவள் முதலில் கேட்டது, "கீழ என்னத்த டீச்சர் விரிச்சிருக்கீய?" என்று.

சொன்னேன். தலையில் கைவைத்தாள்.

"கடல்ல ஊறுன பலகை எப்படிக் காயும்? உப்பு காத்துல இருக்க தண்ணியெல்லாம் இழுக்கும்லா. கோழி கொத்தியும் திங்கும். அதத் தூக்கிப் போட்டுட்டு அடியில ஆத்து மணல் போடுங்க, மேல நாலு விரக்கடை நெல் உமி. ஒருநாள் விட்டு ஒருநாள் கெளறி விடணும். எங்கூரு மில்லுல உமி சும்மாத்தான் கெடக்கு, மணலும் உமியும் நான் கொண்டாரேன்."

அன்று சாயங்காலம்தான் சில்லை நாக்கில் வைத்துப் பார்த்தேன். மைனியிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை. "அவுக வாற வரைக்கும் அது அங்கனயே கெடக்கட்டும். அதுல கை வைக்காத" என்றாள். ஆனால் இரண்டாவது சேவல் செத்தால் மைனி என்ன ஆவாள் என்ற பயம் என்னைப் பிடித்து ஆட்டியது.

ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போனாள். தலைவலி என்று பொய் சொல்லி நான் வீட்டில் நின்றுகொண்டேன். கூண்டைச் சுரண்டி, சாம்பல் தூவி, மணலும் உமியும் பரப்பிவிட்டேன். வாரிய சில்லு மூன்று சாக்கு நிறைய வந்தது. அதை எங்கே போடுவது? எரிக்கக் கை வரவில்லை; அண்ணனின் தோணியையே கொளுத்துவது போலிருந்தது. குப்பையில் கொட்டவும் மனமில்லை. கடலிலிருந்து வந்தது கடலுக்கே போகட்டும் என்று ஒவ்வொரு சாக்காக இழுத்துக்கொண்டுபோய் அலையில் கொட்டினேன். படித்தவளின் யோசனை! மைனி வந்து உமியைப் பார்த்தாள். பழையது எங்கே என்று கேட்டாள். குப்பைக் கிடங்கில் என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடினாள். "பச்சைப் பலகை ஒதுங்கியிருக்கு! நம்ம தோணிப் பலகை!" அந்தத் தோணியில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் நான்கு பேர் போயிருந்தார்கள். எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. மைனி எனக்கு முன்னால் ஓடினாள், செருப்புக்கூட இல்லாமல். நான் பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். கரை நெடுகப் பச்சைச் சாயத் துண்டுகள் நுரையோடு கிடந்தன. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மைனி அழவில்லை. ஒரு துண்டைக் கையில் எடுத்தவள் அப்படியே மணலில் சரிந்தாள்.

"நான்தான் கொட்டுனேன்! கோழிக்கூண்டுச் சில்லு! தோணிக்கு ஒண்ணும் ஆகல!" என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. ஒவ்வொருத்தியாகத் தோளைப் பிடித்து உலுக்கிச் சொன்னேன். சிலர் என்னை ஏசினார்கள், ஒருத்தி கன்னத்தில் அறைந்தாள். அந்த அறை எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது, நம்பிவிட்டாளே என்று. மைனி கண் திறந்து என்னைப் பார்த்தாள். "அவுக தோணிய நீயே கடல்ல சில்லுசில்லா போட்டுட்டியாளா" என்றாள். அந்த நிமிஷம் வரை அப்படி ஒரு அர்த்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றிய பிறகு என்னால் அதை மறக்க முடியவில்லை.

அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டு வைப்பாள், நான் எடுத்துத் தின்பேன். சேவல்களுக்கோ நாளுக்கு நாள் தெம்பு வந்தது. உமியைக் கால்களால் சீய்த்து விளையாடின, பாதப் புண் ஆறியது, விடியற்காலம் கூவின. அவை தேறத் தேற எனக்குப் பயம் கூடியது. சேவல் பிழைத்து அண்ணன் வராமல் போனால்? அண்ணனைக் கொடுத்துச் சேவலை வாங்கியதாக ஆகிவிடுமே என்று கிறுக்குத்தனமாக நினைத்தேன். ஒருநாள் உமியைக் கிளறிவிடாமலே போய்விட்டேன். பாதி வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, திரும்பி வந்து கிளறினேன்.

மார்கழி பாதியில் தோணி வந்தது. காற்றுக்குப் பயந்து ஒரு தீவில் ஒதுங்கிக் கிடந்தார்களாம், அவ்வளவுதான். இரண்டு சேவலும், கடையில் வாங்கிய ஒன்றுமாக அசனம் நடந்தது. அண்ணன் கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு அது எங்கள் குடும்பத்தின் நிரந்தரச் சிரிப்புக் கதையாகிவிட்டது. கல்யாண வீடுகளில் என்னைக் கேலிசெய்ய வேறு எதுவும் தேவைப்படவில்லை. மைனி பேச ஆரம்பித்தாள். ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

அண்ணன் போன வருஷம், எண்பதைத் தாண்டி, கட்டிலில் படுத்தபடி காலமானார். நாற்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கிளம்பியபின் நானும் மைனியும் மட்டும் இருந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அவுக வராம போயிருந்தா, நீதான் கொன்னதா சாகுற வரைக்கும் நெனச்சிருப்பேன்ளா. தெனமும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு ஒனக்குச் சோறு போட்டேன்."

"எனக்குத் தெரியும் மைனி. நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டுத் தின்னேன்."

"சொல்லியிருக்கலாம்லா, ஏளா" என்றாள். "ரெண்டு பேருமாச் சேந்து அழுதிருக்கலாம்."