மூலிகைத் தண்ணீரும் ஜெயபிரியாவும்

பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கும் அச்சன்புதூர் ஜெயபிரியா, ஐந்தருவிக் கடைகளின் குடிதண்ணீரைத் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டாள். அருவித் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் மூலிகைச் சத்து போய்விடும் என்று அங்கே எல்லோரும் டிரம்மில் பிடித்து அப்படியே கொடுப்பார்கள். சோதனைப் பாட்டிலோடு வந்தவளைக் கடைக்காரர்கள் மறித்தார்கள்.

"டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல. இது என்ன படிப்புட்டி?" என்றார் பஜ்ஜிக்கடைக் கணபதி.

"உங்க கடையில தண்ணி குடிச்சவன் ஆஸ்பத்திரிக்கு ஓடாம இருக்கதுக்கு உள்ள படிப்பு, அண்ணாச்சி."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கணபதிக்கு முகம் கறுத்தது.

"வாய் பேசுதியே, மொதல்ல ஒங்க அண்ணன் கடையில எடு. பொறவு எங்க கடைக்கு வா."

சோதிக்கத் தண்ணீர் கிடைக்காவிட்டால் பட்டம் இல்லை. ஜெயபிரியா நேரே அண்ணன் இசக்கிப்பாண்டியின் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாள்.

"ஏட்டி, சீசன் நேரம். கிருமி இருக்குன்னு வந்துட்டா?"

"வந்தா வந்துச்சுன்னுதான் எழுதுவேன்ணே."

இசக்கிப்பாண்டி வாசலில் கூடியவர்களைப் பார்த்தான். பிறகு டிரம் மூடியைத் தானே தூக்கிப் பிடித்தான்.

"மேலாப்புல எடுக்காத. நல்லா அடியில இருந்து எடு."

கையை ஸ்பிரிட்டால் துடைத்து, பாட்டிலை நிரப்பி, மூடி, கடையின் பெயரை ஒட்டினாள். அடுத்த பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"வாங்க கணபதி அண்ணாச்சி, உங்க கடைக்குப் போவோம்."