நரசிம்மத்தின் பின்னல்

ஆந்திராவின் கூச்சிப்பூடி கிராமத்தில், ஆட்டக்காரக் குடும்பத்தில் பிறந்த ஆண்பிள்ளை ஆயுளில் ஒரு தடவையாவது சத்தியபாமா வேடம் கட்டியாக வேண்டும். நரசிம்மத்துக்கும் சின்ன வயதில் கட்டிவிட்டார்கள், ஒரு தடவைதானே என்று. தலை நரைக்கத் தொடங்கியும் அந்த ஒரு தடவை முடிந்தபாடில்லை.

எல்லாம் அவன் கண் செய்த வேலை. பாமாவாக அவன் கோபித்துக்கொண்டு கண்ணை ஓட்டினால், பார்க்க வந்த பெண்கள் தங்கள் புருஷன்மார்களைத் திரும்பி முறைத்தார்கள். ஆட்டக்குழுவின் தலைவர் வீரபத்ரய்யா, அவனுடைய தாய்மாமன், விடுவாரா? அன்றிலிருந்து அவன் தலையில் கத்தரி படவில்லை. முடி இடுப்புக்குக் கீழே இறங்கியது. "பேரு நரசிம்மம், பின்னல் பாமாவோடது" என்று கடைத்தெருவில் கேலி. அப்பா பள்ளிக்கூடப் பக்கம் வர வேண்டாம் என்று பெற்ற மகளே சொல்லிவிட்டாள். பாவம், அவன் யாரைக் கோபித்துக்கொள்வது?

அவனுக்கு ஆசையெல்லாம் சூத்திரதாரி வேடத்தின் மேல். தலைப்பாகை கட்டி, வளைந்த கோலைப் பிடித்து, மீசையோடு நின்று கதையை நடத்த வேண்டும். அவனிடம் ஆட்டம் கற்ற பிள்ளைகளெல்லாம் அந்த வேடம் கட்டிவிட்டார்கள். அவன் கேட்டால் மட்டும் மாமாவிடம் ஒரே பதில்.

"முடி கொட்டட்டும்டா, தர்றேன்."

அம்மா சேஷம்மா படுக்கையில் விழுந்தபோது அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நான் போனா நீ மொட்டை போட்டுத்தானே ஆகணும். அத உன் மாமனால தடுக்க முடியாதுடா" என்று சொல்லிச் சிரித்தாள். தன்னால் தர முடிந்தது அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் போனதும் ஊரே வீரபத்ரய்யாவின் முகத்தைப் பார்த்தது. கோயில் உற்சவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவரோ, "பெத்தவளுக்குப் பண்ண வேண்டியதப் பண்ணு" என்று சொல்லிவிட்டார். ஆற்றங்கரையில் நாவிதர் கத்தி வைத்தார். நரசிம்மம் தேம்பித் தேம்பி அழுதான். பிடரியில் காற்றுப் பட்டதும் அம்மா போன துக்கத்துக்கு நடுவிலும் மனசு லேசானது. அதற்காக வெட்கப்பட்டு இன்னும் அழுதான். எல்லோரும் குளிக்க இறங்கியபோது மாமா மட்டும் கரையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அக்காவை நினைத்து அழுகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மாமா வீட்டுக்குப் போனான்.

"மாமா, முடி போயிடுச்சு. உற்சவத்துக்கு நான்தான் சூத்திரதாரி."

வீரபத்ரய்யா உள்ளே போய் துண்டில் கட்டிய ஒரு மூட்டையைக் கொண்டுவந்து பிரித்தார். எண்ணெய் மினுங்கும் பின்னல். உச்சியில் கட்டிக்கொள்ள நாடாகூடத் தைத்திருந்தது.

"இது சாவுக்கு எடுத்த முடி மாமா. தீட்டு."

"ஆத்துல அலசியாச்சு, இன்னும் என்ன தீட்டு?"

சோற்றில் ஒரு முடி கிடந்தால் இலையை விட்டு எழுந்துவிடும் மனுஷர் அவர்.

"உனக்கு நல்லதுதாண்டா. இனிமே தெனம் எண்ணெ தேய்க்க வேணாம், சிக்கெடுக்க வேணாம்" என்று பின்னலைப் பாசமாக நீவினார். "இது கொட்டவும் கொட்டாது."

நரசிம்மம் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். மாமா நாடாவோடு கிட்டே வந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். இத்தனை வருஷப் பழக்கம், தலை தானாகக் குனிந்துவிட்டது.