முற்றத்தில் புல் நட்டவன்

எங்கள் பாறசாலைப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் புல் முளைத்துக் கிடந்தால் அந்த வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். அந்த ஊரில்தான் நான் புல் வளர்த்துக் குடும்பம் நடத்தக் கிளம்பினேன். என்னைப்போல ஊரே சிரிக்கிற தொழிலில் தலையைக் கொடுத்துவிட்டு முழிப்பவர்கள் யாராவது இருந்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

பட்டயம் வந்த மண்

நிலச்சீர்திருத்தம் வந்தபோது, என் அப்பா அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டுக் கிடந்த குன்னத்துகால் மண்ணில் பத்து சென்ட் எங்கள் பெயருக்கே பட்டா போட்டுப் பட்டயமானது. பக்கத்தில் பட்டயம் கிடைத்தவர்கள் எல்லாரும் மரச்சீனிக் கிழங்கு நட்டார்கள். நான் கூலி வேலை பார்த்த மாட்டுப் பண்ணையிலிருந்து கினிப்புல் தூர்களைக் கொண்டுவந்து வேலிக்கு வேலி நட்டேன். வெயில் கொளுத்தக் கொளுத்த வளர்கிற ஜாதி அது. அறுத்துவிட்டால் ஒன்றரை மாதத்தில் மறுபடி இடுப்பளவு நிற்கும். காலையில் எழுந்து அதைப் பார்த்தாலே எனக்கு உள்ளுக்குள் துள்ளும்.

என் மனைவி ரோசிலிக்குத் துள்ளவில்லை. "ஊருல உள்ளவங்க ஒக்க மரச்சீனி நடுதாவ, நீங்க நட்டது புல்லாக்கும்! ராத்திரி பிள்ளையளுக்கு நான் எதை அவிச்சுக் குடுக்க?"

தங்கப்பன் அண்ணனின் பசு

முதலில் புல்கட்டு வாங்கியவர் எங்கள் வளைவில் குடியிருந்த தங்கப்பன் அண்ணன். பரிதாபப்பட்டுத்தான் வாங்கினார். ஒரு வாரத்தில் அவருடைய பசு பால் கூட்டிக் கறந்தது. இரண்டாவது வாரம் ஒரு நாள் நான் புல்கட்டு கொடுக்காமல் வெளியூர் போய்விட்டுச் சாயங்காலம்தான் திரும்பினேன். அன்றைக்குப் பசு வைக்கோலை மோந்து பார்த்துவிட்டுக் கயிற்றை அறுத்துக்கொண்டு என் வேலிக்குள் நின்றது.

அண்ணன் அதை இழுத்துக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்துக் கத்தினார். "எலே, நான் புல்லுதானே கேட்டேன்! எனக்க பசுவுக்கு நீ கல்யாணச் சாப்பாடு போட்டுப் பழக்கிட்டியே!"

வில்சனின் ரகசியம்

இந்தப் புல் பேரைக் கேட்டுத்தான் திருப்புறத்து வில்சன் என்னைத் தேடி வந்தார். துபாயில் வேலை, விடுப்பில் வந்திருந்தார். ஊரில் அம்மைக்காகப் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அதன் முன்னால் மெத்தை மாதிரி புல்தரை வேண்டுமாம். அவரோடு அங்கே ஒரே அறையில் தங்கியிருந்த நான்கு பேரும் வீடு கட்டுகிறார்கள். இது நன்றாக வந்தால் அந்த நான்கு முற்றமும் எனக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரோசிலி அழ அழ, கினிப்புல்லைப் பிடுங்கி எறிந்தேன். திருவனந்தபுரத்து பங்களா ஒன்றில் தோட்டவேலை செய்த நண்பனிடம் தரையோடு படர்கிற பஃபலோ புல் கொடி ஒரு சாக்கு வாங்கிவந்து, பத்து சென்டிலும் பெருக்கினேன். மழை தொடங்கியதும் அத்தனையையும் கொண்டுபோய் வில்சன் முற்றத்தில் சாணளவு இடைவெளி விட்டு நட்டேன். என்னிடம் மிச்சம் ஒரு கொடிகூட இல்லை.

வில்சன் துபாய்க்குத் திரும்பும் முன் என் தோளைப் பிடித்துச் சொன்ன வார்த்தை இது. "அங்க வெறும் மணலுல வண்டியில தண்ணி கொண்டுவந்து புல்லு வளக்குதானுவ, இஞ்ச மழை சும்மா பெய்யுது. ஆனா அம்மைகிட்ட மட்டும் மூச்சு விடாத கேட்டியா, சர்ப்ரைஸ் ஆக்கும்!"

பால் காய்ச்சுக்கு மூன்று நாள்

மூன்று மாதத்தில் கொடி கொடியோடு பின்னி, மண் தெரியாமல் மூடிவிட்டது. அந்தப் பச்சையை வில்சன் பார்க்கப்போகும் நிமிடத்தை நினைத்தே எனக்குத் தூக்கம் போயிற்று. புதுவீடு புகுகிற பால் காய்ச்சுக்கு மூன்று நாள் இருக்கும்போது, கடைசியாக ஒருமுறை அரிவாளால் மட்டம் பண்ணலாம் என்று போனேன். கேட்டைத் திறந்தால் செம்மண். வெறும் செம்மண்! வீட்டைக் கழுவ வந்த வில்சனின் அம்மை அன்னம்மையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் மண்வெட்டியால் முற்றத்தை முழுக்கச் செத்தி எடுத்திருந்தார்கள். செத்திய புல் கிணற்றடியில் குவியலாகக் கிடந்தது. அன்னம்மை கையில் தீப்பெட்டி.

"வைக்காதியே!" என்று அலறிக்கொண்டு குவியல்மேல் போய் விழுந்தேன். ரகசியத்தை எல்லாம் கொட்டிவிட்டேன். என் பத்து சென்ட், நான்கு முற்றம், ரோசிலி அழுதது, ஒன்றையும் விடவில்லை. அன்னம்மை அப்படியே தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். "மக்கா, நான் என்ன கண்டேன்! ஆறு வருசமா மோன் கடலுக்கு அங்க கிடக்குதான். முற்றத்துல புல்லைக் கண்டா ஆளில்லாத வீடுன்னு ஊருல சொல்லிரப்பிடாதேன்னுதான் செத்தினேன்."

பால் காய்ச்சு

குவியலைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. மண்வெட்டி கொடிகளைத் துண்டாக்கியிருந்தது, ஆனால் துண்டுக்குத் துண்டு கணு இருந்தது. இந்தப் புல்லுக்கு ஒரு கணு போதும், பிழைத்துக்கொள்ளும். நனைந்த சாக்கைப் போட்டு மூடினேன். செத்திய அதே நான்கு பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒன்றரை நாளில் முற்றம் முழுக்க மறுபடி நட்டோம். அன்னம்மை நட்ட வரிசைதான் எல்லாவற்றையும்விட நேராக இருந்தது.

வில்சன் டாக்சியிலிருந்து இறங்கினார். பச்சை மெத்தைக்குப் பதிலாகச் சேறும் அதில் அங்கங்கே வாடிய கொடியும். அவர் அம்மையைக் கட்டிக்கொள்ள முற்றத்தில் காலை வைத்தார். அவ்வளவுதான், ஆறு வருடமாக மகனைக் கடலுக்கு அக்கரையில் விட்டுவிட்டுத் தவிக்கிற அம்மை போட்ட சத்தத்தில் டாக்சிக்காரரே வண்டிக்குள் ஏறிக்கொண்டார். வில்சன் விழுந்து விழுந்து சிரித்தார், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பால் காய்ச்சுக்கு வந்தவர்களும் முற்றத்தின் ஓரமாக ஒருவர் பின் ஒருவராகத்தான் நடந்தார்கள். அப்படி நடந்தவர்களில் அவருடைய துபாய்க் கூட்டாளிகளின் அம்மைமார் நான்கு பேரும் உண்டு. போகும்போது நான்கு பேருமே தங்கள் முற்றத்தில் புல் நட என்னிடம் நாள் குறித்துவிட்டுப் போனார்கள். அன்னம்மை போட்ட சத்தம் இதுதான்: "எலே வில்சா, காலை எடுல! நான் நட்டு முழுசா ஒரு நாளு ஆவல்ல!"

புல் பிடிக்க வெயிலும் தண்ணீரும் போதும், ஆனால் பிடித்த புல் எங்கள் ஊரில் நிலைக்க வேண்டுமானால் முதல் கொடியை அந்த வீட்டு அம்மையின் கையாலேயே நட வைத்துவிட வேண்டும்.