அடுத்தவர் சர்க்யூட்டை எனக்காகக் கட்டிய அண்ணாச்சி

செண்பகராஜ் அண்ணாச்சி போயிட்டார்.

காலையில பழைய லேப் வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ். மாரடைப்பாம்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலேயே. திரும்பத் திரும்பப் படிச்சும் மனசு ஏத்துக்க மாட்டேங்குது.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். கோவில்பட்டி பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல நான் பிஎச்டி பண்ணினப்போ, அதே கைடுகிட்ட பார்ட் டைமா ஆராய்ச்சி பண்ணினவர். அங்கேயே எலக்ட்ரிக்கல் டிபார்ட்மெண்ட்ல வாத்தியார். வயசுல எனக்கு மூத்தவர், ஆராய்ச்சியில ஜூனியர். அதனால "சீனியர் தங்கச்சி"ன்னு கூப்பிட்டு வம்பிழுப்பார்.

கடம்பூர்லேருந்து தினம் ரயில்ல வருவார். போளிக்குப் பேர்போன ஊர். கடம்பூர்க்காரர்னா போளி வாங்கிட்டு வரணும்ல? ஒருநாளும் வந்ததில்ல. கேட்டா, "ஊர்க்காரன் எவன் போளி திங்கான்? அது வெளியூர்க்காரவியளுக்குல்லா போடுதாவ"ன்னு சொல்லிட்டு காராச்சேவு பொட்டலத்தைப் பிரிப்பார்.

எங்க வேலை இன்வெர்ட்டர். சோலார் பேனல்ல வர்ற டிசி கரண்டை, பம்பு மோட்டார் ஓடுற ஏசியா மாத்தணும். ஏசி அலை அலையா வரணும்... அதை நாங்க படிப்படியா வோல்டேஜை அடுக்கி உண்டாக்குவோம். படி கூடினா அலை நல்லா வரும். ஆனா செமிகண்டக்டர் ஸ்விட்சும் கூடும். செலவு, சூடு, ரிப்பேர் எல்லாம் கூடவே வரும்.

அதே படி, ஆனா கம்மி ஸ்விட்ச். இதுக்குத்தான் உலகம் பூரா மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காங்க. நாங்களும்.

ஏழு ஸ்விட்ச்ல ஒரு சர்க்யூட் போட்டு ஜர்னலுக்கு அனுப்பினேன். திரும்பி வந்துருச்சு. ஆறு ஸ்விட்ச்லயே இன்னொருத்தர் செஞ்சிட்டாரே, இதுல என்ன புதுசுன்னு கேட்டிருந்தாங்க.

விஷயம் என்னன்னா... ஸ்விட்ச்சைக் குறைச்சா, மிச்சம் இருக்கிறதோட தலையில வோல்டேஜ் கூடுதலா ஏறும். சூடாகும். என்னோடதுல ஸ்விட்ச் ஒண்ணு கூட, ஆனா பாரத்தைப் பங்கு போட்டுக்கும். கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் பண்ணிக் காட்டியும் எடுபடல.

அந்தப் பேப்பர் ஜர்னல்ல வெளிவந்தாத்தான் தீசிஸ் கொடுக்க முடியும். ஸ்டைபெண்டும் நின்னு போச்சு. எங்க ஊர் புதூர்லேருந்து அப்பா, "போதும்மா... வந்துரு, பாத்துக்கிடலாம்"னு போன்ல சொல்லிட்டார். நானும் ஹாஸ்டலைக் காலி பண்றதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டுக் கிளம்பலாம்னு லேபுக்குப் போனேன். முழுசாக் கேட்டார்.

"எழுதிக் காட்டுனா எவன் நம்புதான்? அவன் சர்க்யூட்டையும் இங்கன கட்டுவோம். ரெண்டையும் பக்கத்துல வச்சு ஓட்டுவோம்."

"அதை யாரு கட்டுறது அண்ணாச்சி?"

"நான் கட்டுதேன். நீங்க ஒங்க போர்டைப் பாருங்க."

கோடை லீவு. காலேஜே வெறிச்சுன்னு கிடக்கு. தன் ஆராய்ச்சியைத் தூக்கி ஓரமா வச்சிட்டு, யாரோ முகம் தெரியாத ஒருத்தரோட சர்க்யூட்டை உட்கார்ந்து சால்டர் பண்ணினார் மனுஷன்.

முதல் தடவை ஆன் பண்ணினப்போ நடந்ததை நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது. அலையைப் பார்க்கிற ஸ்கோப்ல ரெண்டு வயர் இருக்கும். ரெண்டோட கிரவுண்ட் கிளிப்பும் உள்ளுக்குள்ள ஒண்ணுதான். எங்க சர்க்யூட்ல வேற வேற இடத்துல அதை மாட்டினா ஷார்ட். பசங்ககிட்ட இதைத் தொண்டை கிழியக் கத்துறவர், தானே போய் மாட்டினார்.

டப்!

புகையைக் கையால விசிறி விட்டார். அப்புறம், "சரி... வேட்டுப் போட்டாச்சு. இனி கோயில் கொடை நல்லா நடக்கும்."

மறுபடி கட்டினார். இந்தத் தடவை ரொம்ப நல்லாக் கட்டிட்டார்! வயரிங் அவ்வளவு சுத்தம். கம்மி லோடுல அதுதான் என்னோடதை விட நல்லா ஓடுச்சு. எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துருச்சு. "நீங்க யார் பக்கம் அண்ணாச்சி?"ன்னு கத்திட்டேன்.

"அவனுத ஓரவஞ்சனையா கட்டிட்டு நம்மது நல்லதுன்னு சொன்னா, அது நல்லாருக்குமா தங்கச்சி? லோடை ஏத்துங்க, பாப்போம்."

ஏத்தினோம். உச்சி வெயில். கரிசக்காட்டு பம்பு ஷெட்டுல ஏது ஃபேன்னு சொல்லி லேப் ஃபேனையும் நிறுத்திட்டார். ரெண்டு பேரும் வேர்த்து ஒழுகிக்கிட்டு மீட்டரையே பார்த்துட்டு நின்னோம். ஆறு ஸ்விட்ச் போர்டு சூடு ஏறிக்கிட்டே போய், கடைசியில நாங்களே நிறுத்த வேண்டியதாப் போச்சு. என்னோடது ஓடிக்கிட்டே இருந்துச்சு.

"கம்மி லோடுல அவனுதுதான் நல்லாருக்கு. அதையும் ஒளிக்காம எழுதிருங்க"ன்னார். எழுதி மறுபடி அனுப்பினேன். அந்த ஒப்பீட்டைப் பார்த்துத்தான் பேப்பரை ஏத்துக்கிட்டாங்க.

லீவு போனதுல அவர் தீசிஸ் தள்ளிப் போச்சு. ஒரு வார்த்தை சொல்லிக் காட்டினதில்ல. பின்னாடி அவருக்கும் டாக்டர் பட்டம் வந்துச்சு. அவரோட வைவா வாய்மொழித் தேர்வுக்கு, நான் வேலைக்குச் சேர்ந்திருந்த மதுரையிலேருந்து போயிருந்தேன். "இனிமே எனக்காவ கடம்பூர்ல ரயிலு கூடக் கொஞ்ச நேரம் நிக்குமா?"ன்னு கேட்டுச் சிரிச்சார்.

இன்னைக்கு நான் வாத்தியாரா இருக்கேன். என் பேருக்கு முன்னாடி டாக்டர்னு இருக்கு. அந்த ஒரு கோடை இல்லேன்னா இது எதுவும் இல்ல.

பேப்பர்ல இரண்டாம் ஆசிரியரா உங்க பேரையும் போடுறேன்னு எவ்வளவோ கெஞ்சினேன். "நான் கட்டுனது அவன் சர்க்யூட்ட. ஒங்க பேப்பர்ல எனக்கென்ன சோலி?"ன்னுட்டார். சரி, நன்றின்னு கடைசியில ஒரு வரியாவது போடுறேன்னேன். அதையும் பேனாவால அடிச்சிட்டார்.

கடம்பூருக்குப் பஸ்ல போய்க்கிட்டு இருக்கேன். சாயங்காலம் எடுக்காங்களாம்.

அண்ணாச்சி... இதை நீங்க அடிக்க முடியாது.

இரண்டாம் ஆசிரியர்: மா. செண்பகராஜ், கடம்பூர்.

போயிட்டு வாங்க.